யார் சொல்லிக் கொடுப்பது? – இன்ஜினீயர்களுக்கு நிர்வாகம் கற்பித்தவர்களின் கதை

நம் கல்லூரியிலிருந்து வெளியே போய்ப் பத்து வருஷம் ஆன எந்த இன்ஜினீயரையும் பிடித்து, "இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பீம் டிசைன் செய்தேன், கியருக்குக் கணக்குப் போட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. காலையில் கான்ட்ராக்டரோடு வாக்குவாதம், மத்தியானம் பட்ஜெட் மீட்டிங், ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்று போன் – இப்படித்தான் பதில் வரும். நாலு வருஷம் படித்தது ஒன்று, அதை வைத்துப் பிழைப்பது இன்னொன்று!

இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்ததுதான் இன்ஜினீயரிங் மேனேஜ்மென்ட் என்கிற முதுநிலைப் படிப்பு. இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினவர்களுக்கென்றே ஏற்பட்டது. திட்டச் செலவு, வேலை அட்டவணை, தரக் கட்டுப்பாடு, உற்பத்தி, ஆட்களை நடத்தும் விதம், ஆராய்ச்சிக் குழுவைக் கட்டி மேய்ப்பது – எல்லாம் அதில் உண்டு. பாடத்திட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் இதன் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. யார் சொல்லிக் கொடுப்பது? பட்டறையில் தேய்ந்தவரா, புத்தகத்தில் தோய்ந்தவரா?

வெட்டியான கேள்வி இல்லை இது. தப்பாகப் பதில் சொன்னதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிகாகோவில் ஒரு பூட்டுக்காரர்

1886 மே மாதம். அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கம் ஆரம்பித்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. சிகாகோவில் நடந்த அதன் கூட்டத்தில் ஹென்றி டவுன் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். 'பொருளாதார நிபுணராக இன்ஜினீயர்' என்பது தலைப்பு. யேல் அண்ட் டவுன் என்று இன்றைக்கும் பேர் சொல்கிற பூட்டுக் கம்பெனியை நடத்தியவர் அவர்.

அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிமையானது. தொழிற்சாலையை நிர்வகிப்பது இன்ஜினீயரிங்குக்குக் கொஞ்சமும் குறையாத முக்கியமான வேலை. ஆனால் அதற்கென்று ஒரு சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை, அனுபவத்தை எழுதி வைத்துப் பகிர்ந்துகொள்ள இடமே இல்லை. ஒவ்வொருவரும் தனியாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். அவர் போனதும் அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. கூலி, உற்பத்திச் செலவு, கணக்கு ஆகியவற்றையும் நம் சங்கமே எடுத்துப் பேச வேண்டும் என்றார்.

டவுன் கல்லூரி ஆசிரியர் இல்லை. முதலாளி. ஆனாலும், நிர்வாகத்தையும் எழுதி வைத்துக் கற்றுத் தர முடியும் என்று இன்ஜினீயர்கள் சபையில் முதன்முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் அவர் ஒருவர். இந்தப் படிப்பின் பிறப்பைத் தேடிப் போகிற சரித்திரக்காரர்கள் பலரும் அந்தக் கூட்டத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

வகுப்புக்குப் போகாத வாத்தியார்

அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் பிரெடரிக் டெய்லர். பிலடெல்பியாவில் வசதியான வக்கீல் குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டு நுழைவுத் தேர்வு பாஸ் செய்தும், கண் கோளாறு என்று படிக்கப் போகாமல் பட்டறையில் தொழில் பழகப் போனார். 1878-ல் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சேர்ந்து சில வருஷங்களிலேயே சீஃப் இன்ஜினீயர் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்து, பரீட்சைக்கு மட்டும் ஹோபோக்கனில் இருக்கும் ஸ்டீவன்ஸ் கல்லூரிக்குப் போய் வந்து, 1883-ல் பட்டமும் வாங்கிவிட்டார்! இன்றைக்கு அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்த அண்ணன்.

ஸ்டாப்வாட்ச்சை வைத்து ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாக அளந்தவர் அவர். 1911-ல் வந்த 'விஞ்ஞான நிர்வாகத்தின் தத்துவங்கள்' உலகமெங்கும் போனது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம் என்பதை ஆரம்பத்தில் அவரே ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கு வந்துதான் கற்க வேண்டும் என்று அடம் பிடித்தார். இன்ஜினீயரிங் மாணவன் முதல் வருஷம் முடிந்ததும் ஒரு வருஷம் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்துவிட்டு வரட்டும் என்பது அவர் கட்சி.

1908-ல் ஆரம்பித்த ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் முதல் டீன் எட்வின் கே என்கிற பொருளாதார சரித்திரப் பேராசிரியர். அவர் டெய்லரை விடாமல் கூப்பிட்டு மனசை மாற்றினார். 1909 முதல் 1914 வரை வருஷா வருஷம் டெய்லர் அங்கே போய்ப் பேசினார். ஆலையில் தேய்ந்தவரைப் புத்தகத்தில் தோய்ந்தவர் அழைத்து வந்த முதல் பெரிய சம்பவம் இது என்று சொல்லலாம்.

கல்லூரிக்குள் நுழைந்தது

இதற்குள் இன்ஜினீயரிங் கல்லூரிகளே வேலையைத் தொடங்கிவிட்டன. எரிவாயுத் தொழிலில் பல வருஷம் இருந்த அலெக்சாண்டர் ஹம்ப்ரீஸ் 1902-ல் ஸ்டீவன்ஸ் கல்லூரியின் தலைவரானார். கணக்கு வழக்கு, ஒப்பந்தம், தேய்மானம் எல்லாம் இன்ஜினீயருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று பாடத்தில் சேர்த்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டர் கிம்பல் 1904-05-ல் தொழிற்சாலை நிர்வாகம் என்று ஒரு பாடம் ஆரம்பித்தார். அவரும் மெஷின் ஷாப்பிலிருந்து வந்தவர்தான். 1913-ல் அந்த லெக்சர்களே 'தொழில் அமைப்பின் தத்துவங்கள்' என்ற புத்தகமாயிற்று. பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில், டெய்லர் சிபாரிசு செய்த ஹ்யூகோ டீமர் 1909-ல் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்குக்குத் தனிப் படிப்பையே ஏற்படுத்தினார்.

1914-ல் எம்.ஐ.டி. நம்மூரில் எம்.ஐ.டி என்றால் குரோம்பேட்டைதான் ஞாபகம் வரும். இது பாஸ்டனில் இருந்தது. அங்கே துறைகளுக்குப் பெயரை விட நம்பர்தான் பிரபலம். 15-ம் நம்பர் துறை இன்ஜினீயரிங் நிர்வாகம். 1925-ல் அதில் முதுநிலைப் பட்டமும் வந்தது. 1931-ல் இர்வின் ஷெல் என்ற பேராசிரியர் ஒரு புது ஏற்பாடு செய்தார். கம்பெனிகள் தங்கள் இளம் அதிகாரிகளை ஒரு வருஷம் அனுப்பி வைக்கும். அவர்கள் வேலையில் பட்ட அனுபவத்தோடு வந்து உட்கார்ந்து படிப்பார்கள். பணம் கொடுத்து உதவியவர் ஆல்பிரட் ஸ்லோன். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர். 1895-ல் அதே கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்தவர். பழைய மாணவர் ஒருவர் தன் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. 1952-ல் 15-ம் நம்பர் துறை தனிப் பள்ளியானது. 1964-ல் அதற்கு ஸ்லோன் பெயரையே வைத்தார்கள்.

ஆக, முதல் தலைமுறை ஆசிரியர்களில் முக்கால்வாசி ஆலைக்காரர்கள். சொந்த அனுபவத்தைச் சொன்னார்கள், பையன்கள் எழுதிக்கொண்டார்கள். இதில் என்ன தப்பு?

பாடத்தில் இல்லாத ஆள்

1911 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் என்ற இடத்தில் அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலை. டெய்லர் முறையை அங்கே கொண்டு வந்தார்கள். வார்ப்படப் பிரிவில் ஸ்டாப்வாட்ச்சோடு ஆள் வந்து நின்றார். ஒரு வார்ப்படத் தொழிலாளி, "என்னை அளக்கக் கூடாது" என்று மறுத்தார். வேலையை விட்டு அனுப்பினார்கள். உடனே கூட இருந்த தொழிலாளர்கள் அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

விஷயம் அமெரிக்கப் பாராளுமன்றம் வரை போனது. தனிக் கமிட்டி போட்டு விசாரித்தார்கள். 1912 ஜனவரியில் டெய்லரே நாள்கணக்கில் சாட்சி சொன்னார். கடைசியில், அரசாங்கத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச்சும் அதை வைத்துத் தரும் போனஸும் கூடாது என்று 1915-ல் தடையே வந்துவிட்டது. அது 1949 வரை அமலில் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம்!

இடையில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹாக்ஸி என்ற பொருளாதாரப் பேராசிரியரை, முப்பது சொச்சம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியதன் சாரம்: புத்தகத்தில் சொல்லப்படும் முறை வேறு, கடையில் நடப்பது வேறு, நேரம் குறிக்கிறவர்களில் பலருக்கு மனுஷனைப் பற்றிய படிப்பே இல்லை.

இன்ஜினீயர் எல்லாவற்றையும் அளந்தார். எஃகை அளந்தார், வெட்டும் வேகத்தை அளந்தார், மண்வெட்டியின் அளவைக்கூட விடவில்லை. அந்த மண்வெட்டியைப் பிடித்திருக்கிறவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு தடவை கேட்கவில்லை. அனுபவசாலி ஆசிரியரின் பெரிய பலவீனம் இதுதான். தான் நின்ற இடத்திலிருந்து எது தெரிந்ததோ அதுதான் தொழிற்சாலை என்று நினைத்துவிடுவார். மேலே நின்றவருக்கு மேலிருந்துதான் தெரியும்.

பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற பேராசிரியை

இந்தக் குறையைச் சரி செய்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. லில்லியன் கில்பிரெத். கணவர் பிராங்க், கொத்தனாராகத் தொழில் கற்றுக் கான்ட்ராக்டர் ஆனவர். செங்கல் அடுக்குவதில் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்துக் காட்டியவர். லில்லியன் படித்தது இலக்கியமும் உளவியலும். 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அதற்கு முந்தின வருஷம் 'நிர்வாகத்தின் உளவியல்' என்ற புத்தகம் வந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று பதிப்பகத்தார் இனிஷியலை மட்டும் போட்டார்கள்.

1913-லிருந்து 1916 வரை இந்தத் தம்பதி பிராவிடன்ஸ் நகரில் கோடைப் பள்ளி நடத்தினார்கள். மாணவர் யார் தெரியுமா? கல்லூரிப் பேராசிரியர்கள்! சொல்லிக் கொடுக்கிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர்களுக்கு வந்திருக்கிறது.

1924-ல் பிராங்க் திடீரென்று இறந்து போனார். பெற்ற பன்னிரண்டில் உயிரோடிருந்த பதினோரு பிள்ளைகளோடு லில்லியன் தனியாக நின்றார். பெண்ணின் ஆலோசனை வேண்டாம் என்று பல கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் அசரவில்லை. கம்பெனி இன்ஜினீயர்களை வீட்டுக்கே வரவழைத்து வகுப்பு எடுத்தார். பிராங்க் பேசி வந்த பர்டியூ பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதிலாகப் போய்ப் பேசினார். 1935-ல் அங்கேயே நிர்வாகப் பேராசிரியை ஆனார். இன்ஜினீயரிங் பிரிவில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியை அவர்தான். 1948 வரை கற்பித்தார்.

அவர் சொல்லிக் கொடுத்தது என்ன? களைப்பு என்று ஒன்று இருக்கிறது. வேலை ஒருவருக்கு ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்பதும் இன்ஜினீயருக்குத் தெரிய வேண்டிய தகவல். வேலையை மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்கிறவரிடம் பேசு. இன்றைக்கு இதெல்லாம் சாதாரணமாகத் தோன்றலாம். வாட்டர்டவுனில் இது ஒருவருக்குமே தோன்றவில்லை.

1959: மறுபக்கம் சாய்ந்த தராசு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் காற்று வேறு பக்கம் அடித்தது. போரில் கணிதம் ஜெயித்தது. சரக்கு அனுப்புவதிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது வரை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட முடிந்தது. 1949-ல் பிட்ஸ்பர்கின் கார்னகி டெக் கல்லூரியில் ஒரு புதுப் பள்ளி ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பம் படித்து வந்தவர்களுக்கு நிர்வாகத்தை ஒரு விஞ்ஞானமாகவே கற்பிப்பது என்று திட்டம். அங்கே வந்து சேர்ந்த ஹெர்பர்ட் சைமனுக்கு 1978-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

1959-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியில் கார்டன், ஹாவல் இருவரும் ஓர் அறிக்கை. கார்னகி நிறுவன உதவியில் பியர்சன் ஓர் அறிக்கை. இரண்டும் அமெரிக்க நிர்வாகக் கல்வியை உரித்து எடுத்துவிட்டன. பழைய கதை சொல்கிறீர்கள், ஆராய்ச்சி இல்லை, ஆசிரியர்களுக்குப் படிப்புப் போதாது என்று குற்றச்சாட்டு. அதற்கப்புறம் டாக்டர் பட்டம் இல்லாதவருக்குக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டது. ஆலைக்காரர்கள் வெளியே, ஆராய்ச்சிக்காரர்கள் உள்ளே. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலை வாசலை மிதிக்காமலே உற்பத்தி நிர்வாகம் சொல்லித் தரலாம் என்ற நிலைமையும் வந்தது.

இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றவர்களும் இருந்தார்கள். ஜே ஃபாரெஸ்டரைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் 'வேர்ல்விண்ட்' கம்ப்யூட்டரைக் கட்டியவர், எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். 1956-ல் நிர்வாகப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆட்கள் ஒரு புதிரோடு வந்தார்கள். கென்டக்கியில் அவர்களுடைய வீட்டுச் சாமான் தொழிற்சாலையில் சில சமயம் மூன்று ஷிப்டும் ஓடும். சில வருஷம் கழித்துப் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. மார்க்கெட்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஃபாரெஸ்டர் அவர்கள் ஆள் எடுப்பதற்கும் சரக்கு வைப்பதற்கும் என்ன விதி கடைப்பிடிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டார். ஒரு நோட்டில் பென்சிலால் வாரா வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் சீராக இருந்தாலும், அந்த விதிகளே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது! கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். ஃபீட்பேக்கில் தாமதம் இருந்தால் ஆட்டம் வரத்தானே செய்யும்? அதிலிருந்து பிறந்ததுதான் 1961-ல் வந்த அவருடைய 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்'. தொழிற்சாலைக்காரரின் வாயிலிருந்து விஷயம், இன்ஜினீயரின் கையிலிருந்து கணக்கு. இரண்டும் சேர்ந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

ரோலாவில் ஒரு தனித் துறை

எம்.பி.ஏ. பள்ளிகள் ஆராய்ச்சிப் பக்கம் போனபோது, இன்ஜினீயரிங் கல்லூரிகள் சில இதைத் தங்கள் கூரைக்குக் கீழேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தன. 1967-ல் மிசௌரி மாநிலத்தில் ரோலா என்ற சின்ன ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் 'இன்ஜினீயரிங் மேனேஜ்மென்ட்' என்ற பெயரிலேயே ஒரு துறை வந்தது. அதன் முதல் தலைவர் பெர்னார்டு சார்செட். கோப்பர்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர். 1979-ல் இதற்கென்று அமெரிக்காவில் தனிச் சங்கம் ஏற்பட்டபோதும் அவர்தான் முதல் தலைவர். 1886-ல் ஹென்றி டவுன் "நமக்கென்று சங்கம் இல்லையே" என்று ஆதங்கப்பட்டதற்கு 93 வருஷம் கழித்துப் பதில்! 1987-ல் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டுண்டார் கோஜாவோலு ஒரு துறையைத் தொடங்கினார். இப்படி ஒன்று பலவாயிற்று.

இந்தத் துறைகளில் ஒரு பழக்கம் உண்டு. படிக்க வருகிறவர்களில் பலர் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று வருகிறவர்கள். கடைசி புராஜெக்டுக்கு விஷயம் அவரவர் ஆபீஸிலிருந்தே வரும். அதனால் வாத்தியார் சும்மா அடித்துவிட முடியாது. "சார், எங்க பிளான்ட்ல அப்படி நடக்காது" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே ஆசிரியராக நிற்க முடியும்.

ஷ்மிட் என்கிற கதாபாத்திரம்

இனி ஒரு எச்சரிக்கை. அனுபவசாலிகளைக் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது.

டெய்லர் தன் புத்தகத்தில் ஷ்மிட் என்ற தொழிலாளியின் கதையைச் சொல்வார். பெத்லஹேம் ஸ்டீலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் தூக்கியவனை, விஞ்ஞான முறையால் 47½ டன் தூக்க வைத்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனதாம். உலகம் முழுக்க வகுப்புகளில் இதைச் சொன்னார்கள். நம்மில் பல பேர் செமஸ்டர் பரீட்சையில்கூட எழுதியிருப்போம்.

1974-ல் சார்லஸ் ரெக், அமெடியோ பெரோனி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆலைக் குறிப்புகளைத் தோண்டி எடுத்தார்கள். ஷ்மிட் என்று சொல்லப்பட்ட ஆள் நிஜமாகவே இருந்தார். ஹென்றி நோல் என்று பேர். ஆனால் டெய்லர் சொன்ன விதத்துக்கும் நடந்ததற்கும் ரொம்பத் தூரம். ஓய்வு நேரம் பற்றிய 'விஞ்ஞானம்', ஆள் தேர்ந்தெடுத்த விதம் எல்லாவற்றிலும் கை, கால், மூக்கு வைத்துச் சேர்த்திருந்தார். அறுபது வருஷத்துக்கு மேல் அதை ஒருவரும் சரிபார்க்கவில்லை. பெரிய மனுஷர், நேரில் செய்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆலைக்காரர்கள் இல்லை; காகிதத்தைப் புரட்டிய கல்லூரி ஆசாமிகள். வாட்டர்டவுனில் மேலே நின்று பார்த்தவரின் குறை தெரிந்தது என்றால், இங்கே கதை சொல்பவரின் குறை தெரிகிறது. அனுபவம் வகுப்புக்குள் வரட்டும். ஆனால் கணக்குப் புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வரட்டும். சரிபார்க்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

நம் பக்கம்

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு பல வழியாக வந்தது. 1961-ல் கல்கத்தா ஐ.ஐ.எம். அதே எம்.ஐ.டி. ஸ்லோன் பள்ளியின் துணையோடும், அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடும் ஆரம்பித்தன. 1963-ல் பம்பாய் பவாயில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒத்துழைப்போடு நிட்டி என்ற தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனம் வந்தது. 2023-ல் அது மும்பை ஐ.ஐ.எம். ஆகிவிட்டது.

ஆனால் எல்லாமே இறக்குமதி என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முன்னின்று அமைத்த ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில், கமலா சௌத்ரி என்ற உளவியலாளர் 1950-களிலேயே மில் தொழிலாளர்களின் மனநிலையை ஆராய்ந்தார். பிறகு அவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஆரம்ப கால ஆசிரியரானார். 1953-ல் அங்கே காலிகோ மில்லில், இங்கிலாந்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ், தானியங்கித் தறிக் கூடத்தில் ஆளுக்கொரு துண்டு வேலை என்பதை மாற்றி, ஒரு சின்னக் குழுவுக்கு இத்தனை தறி என்று பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்டதும் அதை எடுத்துக்கொண்டு திட்டம் போட்டவர்கள் மில்லின் சூப்பர்வைசர்களும் தொழிலாளர்களும்தான். உற்பத்தி கூடி, சேதாரம் குறைந்தது. வாட்டர்டவுனில் கேட்காத கேள்வியை அகமதாபாத்தில் கேட்டார்கள், பலன் கிடைத்தது.

நம் தமிழ்நாட்டு உதாரணமும் இருக்கிறது. 1950-ல் ஜப்பானுக்குப் போய் இன்ஜினீயர்களுக்கும் கம்பெனித் தலைவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு கற்பித்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். அவர் பேரில் ஜப்பானியர்கள் தரும் பரிசை 1998-ல் முதன்முதலாக வாங்கிய இந்திய நிறுவனம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. மெஷினில் நிற்கிறவரே கிராஃப் போட்டுப் பார்த்துத் தன் வேலையைத் திருத்திக்கொள்வது அந்த வழியின் அடிப்படை. அதாவது தொழிலாளியும் மாணவர். சில நாள் அவரே ஆசிரியர்.

நாம் செய்யக்கூடியது

2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கதவைத் திறந்தது. 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று பேர். தொழிலில் குறைந்தது 15 வருஷ அனுபவம் இருந்தால் போதும். டாக்டர் பட்டம் கட்டாயமில்லை. ஒரு கல்லூரியின் மொத்த ஆசிரியர் இடங்களில் பத்து சதவீதம் வரை இப்படி எடுக்கலாம். 1959-ல் சாத்த ஆரம்பித்த கதவு நம் நாட்டில் கொஞ்சம் திறந்திருக்கிறது. நம் சங்கத்தில் இந்தத் தகுதி உள்ள சீனியர் அண்ணன்மார், அக்காமார் எத்தனை பேர் என்று ரிஜிஸ்டரைப் பார்த்தாலே தெரியும்.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிக் கதையோடு வராதீர்கள். அதை இந்த மலரிலேயே எழுதலாம், ஆண்டு விழாவில் பேசலாம், நாங்கள் கை தட்டுவோம். வகுப்புக்கு வரும்போது மூன்று மாசம் லேட்டான ஒரு புராஜெக்டின் அட்டவணையைக் கொண்டு வாருங்கள். கம்பெனி பேரை அழித்துவிட்டு, போட்ட எஸ்டிமேட்டையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். எங்கே தப்பியது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அவர்கள் சொல்வது உங்கள் அபிப்பிராயத்துக்கு மாறாக இருந்தால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். ஷ்மிட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஒரு மாசம் உங்களைத் தங்கள் தொழிற்சாலையில் உட்கார வைக்க எத்தனையோ பழைய மாணவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். ஆபீஸ் ரூமில் இல்லை, ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஷாப் ஃப்ளோரில். கில்பிரெத் தம்பதியின் கோடைப் பள்ளிக்குப் பேராசிரியர்கள் போனதில் அவர்கள் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. இன்ப்ளான்ட் டிரெய்னிங் என்று போய், சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கேன்டீனில் டீ குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு மெஷின் பக்கத்தில் ஒரு முழு ஷிப்டு நில்லுங்கள். அதை ஓட்டுகிறவரிடம், "அண்ணே, இந்த வேலையில உங்களுக்கு எது ரொம்ப இடைஞ்சலா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் வாசியுங்கள். ஆசிரியர் பதில் சொல்லட்டும். வந்திருக்கும் சீனியரும் சொல்லட்டும். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப் போகாவிட்டால் கவலைப்படாதீர்கள். அன்றைக்குத்தான் நிஜமான பாடம் நடக்கும்.

அடுத்த சந்திப்பு மலரில் இப்படி நடந்த ஒரு வகுப்பைப் பற்றி யாராவது ஒரு ஜூனியர் எழுத வேண்டும் என்பது என் ஆசை. பக்கம் ஒதுக்கித் தர ஆசிரியர் குழு மறுக்காது என்று நம்புகிறேன்.